சம்பந்தியாரின் மட்காட்

"பிழை எங்கட பக்கம்" என்று என் வாயால் ஒரேயொரு தரம்தான் சொல்லியிருக்கிறேன். அதையும் பிழை எங்கள் பக்கம் இல்லாத இடத்தில் போய்ச் சொன்னேன். (பிழை இருந்த இடங்களில் சொன்னதாக நினைவில்லை. அப்படி இடங்கள் இருந்ததாகவும் நினைவில்லை.)

எனக்குக் கலியாணமாகி நாலாம் வருசம். நாங்கள் சரவணையில் இருந்தோம். என் மனுசன் இறுப்பிட்டியில் வாத்தியார். இடையில் பதிவான நீட்டுப் பாலம், இரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல். சோளகக் காற்று எழும்பினால் சைக்கிளை மிதிக்க ஏலாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். அவர் போய்ச் சேர முதல் இரண்டு பாடம் முடிந்துவிடும். அதனால் என் சீதனக் காணியில் ஒரு துண்டை விற்று மோட்டார் சைக்கிள் வாங்கினோம். சீதனத்தில் வாங்கியது என் பெயரில்தான் இருக்கவேண்டும் என்று நின்றேன். ஓடுவது அவர், உடையவள் நான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கையெழுத்து வடிவாகப் போடுவேன்.

இன்சூரன்ஸ் எழுத யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கதிரையில் இருத்தித் தேத்தண்ணி குடுத்தேன்.

"அக்கா, இதில ரெண்டு வகை. நீங்கள் ஆரையும் இடிச்சால் அவைக்குக் குடுக்கிறது ஒண்டு. அது சட்டப்படி கட்டாயம் வேணும். மற்றது முழு இன்சூரன்ஸ். அதெண்டால், உங்களை ஆரும் இடிச்சு, அவையிட்ட இன்சூரன்ஸ் இல்லாட்டியும், இருக்கிறது காணாட்டியும், நாங்கள் உங்களுக்குத் தருவம்."

"முழுசாவே போடுவம்" என்றார் என் மனுசன்.

நான் விடவில்லை. எங்கள் பக்கம் ஓடுகிற வாகனங்களை விரல் விட்டு எண்ணினேன். இரண்டு பஸ், ஒரு லொறி, டொக்டரின் கார், வாடகைக் கார் மூன்று.

"தம்பி, எல்லாம் எங்கட ஆக்கள். இடிச்சவன் தராமல் எங்க போவான்? கடலுக்கை பாயவே?"

"எங்கட ஆள் இடிச்சால்தான் அக்கா கரைச்சல் கூட."

பொடியனுக்கு அனுபவம் காணாது என்று நினைத்தேன். கட்டாயமானதுக்கு மட்டும், ஒவ்வொரு எழுத்தாக ஆறுதலாகக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நாளில்தான் என் தங்கச்சிக்கு இறுப்பிட்டியில் சம்பந்தம் முற்றாகி நாளும் வைத்திருந்தது. எங்களுக்குத் தகப்பன் இல்லை. முன்பு பேசின மூன்று இடம் குழம்பிப்போனது. இதுவும் குழம்பினால் தான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு தரம் சொல்லுவா. மாப்பிள்ளையின் தகப்பன் நல்லதம்பியர் தெற்கே கடை வைத்திருந்தவர். வருசத்தில் இரண்டு தரம் ஊருக்கு வருவார். வந்தால் கொட்டிலில் நிற்கும் கறுப்புக் காரைத் துடைத்து வெளியில் எடுப்பார்.

ஒரு சனிக்கிழமை காலமை மாப்பிள்ளை வீட்டுக்குப் பயித்தம் பணியாரம் கொண்டு புறப்பட்டோம். பட்டுச்சேலையோடு பின்சீட்டில் ஒரு பக்கமாக இருந்து, மடியில் பணியாரப் பெட்டியைப் பிடித்திருந்தேன். பாலத்தில் பாதி போக, எதிரில் அந்தக் கறுப்புக் கார் வந்தது. ஓட்டி வந்தது சம்பந்தியாரேதான். எங்களைக் கண்டதும் அவருக்குச் சந்தோசம் பொங்கிவிட்டது. பெண் வீட்டு ஆட்களைக் கண்டால் ஒற்றைக் கையால் மரியாதை செய்யலாமோ? இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

கார் கும்பிடவில்லை. நேரே எங்களிடம் வந்தது.

நான் முழங்கால் அளவு கடல் தண்ணிக்குள் இருந்தேன். பெட்டி மட்டும் தலைக்கு மேலே நின்றது. என் மனுசன் பாலத்தில், மோட்டார் சைக்கிளுக்குக் கீழே. சம்பந்தியார் இறங்கி ஓடி வந்தார்.

"பிள்ளை, பணியாரம் நனைஞ்சு போச்சே?"

"இல்லை மாமா."

"பணியாரத்தை விடும்! ஆரும் இதைத் தூக்குங்கோ!" என்று மோட்டார் சைக்கிளுக்குக் கீழேயிருந்து சத்தம் கேட்டது.

கால் முறிந்துவிட்டது. சம்பந்தியாருக்குக் காயமில்லை, காரின் முன்சில்லுக்கு மேலே இருக்கிற மட்காட் நசிந்து முன் லாம்பு உடைந்திருந்தது. அவர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, பொலிசுக்குப் போனால் கரைச்சல். காருக்கு இன்சூரன்ஸ் இல்லை. ரெண்டு தரம் ஓடுறதுக்கு என்னத்துக்கெண்டு விட்டிட்டன்."

"கண்ணாடியில இன்சூரன்ஸ் மாதிரி வட்டமா ஏதோ ஒட்டியிருக்கே?"

"அது பிஸ்கற் ரின்னில இருந்து உரிச்ச கடதாசி" என்றார். "வழக்கு, கோடு எண்டு இழுபட்டால் கலியாணத்தையும் பேந்து யோசிக்கவேண்டி வரும், பிள்ளை."

எனக்கு அம்மாவின் முகம் வந்து போனது.

நாங்கள் போகாவிட்டாலும் பெரியாஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்தது. என் மனுசனை மயக்கி எலும்பு வைத்துக்கொண்டிருந்தார்கள். உடையவள் நான் என்றபடியால் என்னைக் கேட்டார்கள்.

"ஆரில பிழை?"

பிழைகாரனின் கடதாசிகளைத்தான் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுடையது சுத்தமாக இருந்தது.

"பிழை எங்கட பக்கம், ஐயா. இவர்தான் குறுக்க விட்டவர். பயமில்லை, எங்களிட்ட இன்சூரன்ஸ் இருக்கு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ அம்மா."

யோசித்துத்தான் சொன்னேன். எங்களிடம் இன்சூரன்ஸ் இருக்கிறது, அவரிடம் இல்லை. அப்போது பிழையை எடுக்கவேண்டியது ஆர்? வடிவாகக் கையெழுத்துப் போட்டேன்.

மயக்கம் தெளிந்த மனுசன் கேட்டுவிட்டு எழும்பப் பார்த்தார், கால் விடவில்லை.

"கும்பிட்டுக்கொண்டு வந்து இடிச்சது அவர். நீர் என்னைக் குற்றவாளியாக்கிப் போட்டு வந்து நிக்கிறீர்!"

"கத்தாதேங்கோ. இன்சூரன்ஸ் தரும்."

"ஆருக்குத் தரும்?"

"காசு கட்டினவைக்குத்தானே தரும்!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆனால் கோட்டில் நீதவான் கூப்பிட்டபோது, இரண்டு கக்கத்திலும் தடியை வைத்துக்கொண்டு நின்று, "நான்தான் குற்றவாளி" என்றார். தங்கச்சிக்காகத்தான். அதோடு என்னோடு கதையை நிறுத்திவிட்டார்.

கொஞ்ச நாளில் இன்சூரன்ஸ் தம்பி கடிதத்தோடு வந்தார். பணியாரம் வைத்து, "சொன்னனான்தானே" என்று மனுசனையும் பார்த்தேன்.

"அக்கா, எங்கட கந்தோரில ஒப்புக்கொண்டு போட்டினம். சம்பந்தியாரின்ர மட்காட்டுக்கும் லாம்புக்கும் குடுக்கினம்."

"எங்களுக்கு?"

"நீங்கள் இடிச்சால் மற்றவைக்குத் தாறதுதானே நீங்கள் எடுத்தது."

"அப்ப இவற்ற கால்?"

"அது உங்கட கால் அக்கா."

மனுசன் அன்றைக்குத்தான் திரும்பக் கதைத்தார். "தம்பிக்கு இன்னும் ரெண்டு பணியாரம் வையும்" என்றார்.

மோட்டார் சைக்கிள் கொட்டிலில் கிடந்து கறள் பிடித்தது. அவர் பழையபடி சைக்கிளை, அதுவும் ஒற்றைக் காலால் மிதித்துப் பழகினார். என்னை அதன்பிறகு எந்தக் கந்தோரிலும் வாய் திறக்க விட்டதில்லை.

தங்கச்சியின் கலியாணம் வைத்த நாளிலேயே நடந்தது. சம்பந்தியார் புது மட்காட்டைப் பார்த்துவிட்டு ஆசையில் கார் முழுவதற்கும் புதுசாகக் கறுப்பு மை அடிப்பித்திருந்தார். மாப்பிள்ளை பொம்பிளையை அதிலேதான் ஏற்றினார்கள். படம் எடுக்கும்போது, "வாத்தியார் முன்னுக்கு நிக்கவேணும்" என்று கையைப் பிடித்து இழுத்துக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பளபளக்கும் மட்காட், பக்கத்தில் காலில் கட்டோடு என் மனுசன்.

தங்கச்சியின் பிள்ளைகள் இப்போது கனடாவில். அல்பத்தைத் திறக்கிற பேரப்பிள்ளைகள் ஒவ்வொன்றும் அந்தப் படத்தில் விரல் வைத்து, தாத்தா ஏன் கட்டோடு நிற்கிறார் என்று கேட்கும். "கலியாணக் கார் வடிவா வரவேணுமெண்டு பெரியம்மா பெரியப்பாவைக் குடுத்து மாத்தினவ" என்று தங்கச்சியின் மூத்தவள், என் பெறாமகள், சொல்லுவாள். போனில் எனக்கும் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொல்லுவாள்.

நான் மறுப்பதில்லை. கார் வடிவாகத்தான் இருந்தது.