சாவிக்கொத்துக்குப் போன ப்ராசஸர்

மதிப்புக்குரிய சகலை அவர்களுக்கு,

இங்கே கம்ப்யூட்டரைத் தவிர எல்லோரும் நலம். உங்கள் நலத்தை நம் மாமனார் வாரம் தவறாமல் போன் செய்து எனக்குச் சொல்லிவிடுவதால் தனியாக விசாரிக்கவில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று யோசிப்பீர்கள். போனில் பேசினால் நடுவே சிரிப்பீர்கள். கடிதத்தைப் படித்தும் சிரிப்பீர்கள்தான், ஆனால் அது எனக்குக் கேட்காது. நாளைக் காலை தங்கையைப் பார்க்க அங்கே வரும் என் மனைவியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கையால் எழுதியிருப்பதற்கு மன்னிக்கவும். இந்த வீட்டில் அச்சடிக்க எதுவும் ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம் நீங்கள்.

போன மாதம் மாமனார் வீட்டு விருந்தில் நடந்தது உங்களுக்கு மறந்திருக்கும். யோசனை சொல்கிறவனுக்கு மறந்துவிடும், கேட்டுக் கெடுகிறவனுக்குத்தான் நினைவிருக்கும். வழக்கம்போல உங்களுக்கு மெத்தை நாற்காலி, எனக்கு மடக்கு நாற்காலி. மூத்த மருமகன் மடங்கினால் பரவாயில்லை என்பது அந்த வீட்டின் கொள்கை. ஒரு கட்டடத்தின் படத்தை என் கம்ப்யூட்டர் தீட்டி முடிப்பதற்குள் கட்டடமே எழும்பிவிடுகிறது என்று நான் என் மனைவியிடம் மெல்லிய குரலில்தான் சொன்னேன். அவளுக்கு அந்தப் பக்கம் இருந்த நீங்கள் தட்டோடு திரும்பி, "அண்ணா, புதுசு எதுக்கு? உங்க போர்டு நல்ல போர்டு. அதுல மூளையா உக்காந்திருக்கிற ப்ராசஸரை மட்டும் மாத்துங்க, பறக்கும்" என்றீர்கள். உடனே மாமனார், "மாப்பிள்ளைக்குத் தெரியாதது ஏதாவது உண்டா?" என்றார். அந்த வீட்டில் மாப்பிள்ளை என்றால் நீங்கள். என்னைப் "பெரியவர்" என்பார்கள், ஏதோ வழி கேட்க வந்தவனைச் சொல்வதுபோல. அதற்குப் பிறகும் நீங்கள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தீர்கள், வாய் நிறையச் சாப்பாட்டோடு. வாயில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு பேசுகிறவர்களின் பேச்சை நான் கேட்பதில்லை. எழுந்து கை கழுவப் போய்விட்டேன்.

இது விளையாட்டு விஷயமல்ல. வீட்டு வரைபடம் போடுவது என் பிழைப்பு. உங்களைப்போல மருந்துக் கிடங்கில் உட்கார்ந்து மாத்திரைப் பெட்டிகளை அடுக்கினால் மாதம் பிறந்ததும் சம்பளம் வருகிற ஜாதகம் எனக்கில்லை. ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும் தங்கள் மருத்துவமனை கட்டி முடித்தால் எப்படியிருக்கும் என்று திங்கட்கிழமை வந்து படத்தில் பார்க்கப்போகிறார்கள். இங்கே படம் இல்லையென்றால் நேரே எதிர்த்தெருவுக்குப் போவார்கள். அங்கே என் பழைய உதவியாளன் கடை வைத்திருக்கிறான். பென்சிலைச் சீவவே என்னிடம் கற்றுக்கொண்டவன், இப்போது என் பெயர்ப்பலகையைவிட ஒரு முழம் நீளமான பலகையை மாட்டிக்கொண்டு, தெருவில் என்னைப் பார்த்தால் "சார் இன்னும் அதே மிஷின்தானா?" என்று விசாரிக்கிறான்.

மாத்திரை அடுக்குகிறவர் எனக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருவதா என்ற ஒரே காரணத்துக்காக, நீங்கள் சொன்னதைச் செய்வதில்லை என்று முதலில் முடிவுசெய்தேன். இருக்கிற ப்ராசஸரையே விரட்டி வேலை வாங்கலாம் என்று பார்த்தேன். அதற்கு ஓவர்கிளாக் என்று பெயர், மாட்டை அடித்துக் குதிரையாக்குகிற வித்தை. கம்ப்யூட்டர் கண் விழித்ததும், உள்ளே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பேர் கூப்பிட்டுப் பார்க்கிற பயாஸ் என்று ஒன்று போர்டில் இருக்கிறது. அதற்குள் போய் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினேன், ஓடியது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன், அப்போதும் ஓடியது. ஆசை யாரை விட்டது, மறுபடியும் கூட்டினேன், அறை முழுக்க இஸ்திரிப் பெட்டி வாசனை. கம்ப்யூட்டரின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிவிட்டுப் படுக்கையறை மின்விசிறியைத் தூக்கிவந்து அதன் வயிற்றுக்கு நேராக வைத்தேன். "எனக்கு வேர்த்தா பரவாயில்ல, அதுக்கு வேர்க்கக் கூடாது, அப்படித்தானே?" என்றாள் மனைவி. அந்தக் காற்றில் பல் டாக்டரின் வரைபடங்கள் எழும்பிப் பறந்து, ஒன்று ஜன்னல் வழியாக வெளியே போய்க் கீழ்வீட்டுக்காரர் காயப்போட்டிருந்த சட்டையில் ஒட்டிக்கொண்டது. தண்ணீர்த் தொட்டி விவகாரத்திலிருந்து அவருக்கும் எனக்கும் பேச்சில்லை என்பதால் அதைக் கேட்டு வாங்காமல் மறுபடி உட்கார்ந்து வரைந்தேன். இவ்வளவும் செய்தும் படம் முக்கால்வாசி வந்ததும் திரை அணைந்துவிடும். நம் மாமனாரின் வாக்குறுதிகளைப்போல அது ஒருநாளும் முக்காலைத் தாண்டவில்லை.

வேறு வழியில்லாமல், உங்கள் சொல்லைக் கேட்கிறேன் என்று எனக்கே தெரியாதபடி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற தெருவுக்குப் போனேன். கடைக்காரர் போனில் விளையாடிக்கொண்டிருந்தார். புது ப்ராசஸர் ஒன்றை எடுத்துக் காட்டி, "என் போர்டுல இது ஏறுமா?" என்று கேட்டேன். "ஏறும் சார்" என்றார், நிமிர்ந்து பார்க்காமல். "உறுதியா?" என்றேன். "ஏறாம எங்க சார் போகப்போகுது?" என்றார். "சூட்டை இறக்க இதுமேல பசை எவ்வளவு தடவணும்?" என்றேன். "கொஞ்சமா" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று சொல்லத் தெரிந்த ஒரு மனிதனை நான் இன்னும் சந்திக்கவில்லை.

போன ஞாயிறு பழைய ப்ராசஸரைக் கழற்றினேன். அன்று உங்கள் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மனைவியிடம் அதை ஒரு டப்பாவில் போட்டு, "மூலையில் துளை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளவும், உங்கள் சாவிகளுக்காவது கொஞ்சம் மூளை சேரட்டும்" என்று சீட்டும் எழுதிக் கொடுத்தனுப்பினேன். அந்தச் சீட்டை எழுதியபோது இருந்த மகிழ்ச்சி அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. அவள் போனதும் புது ப்ராசஸரை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. விசையை அழுத்தினேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கரி. மேலதிகாரி வராத அலுவலகம்போல எல்லோரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள், வேலை மட்டும் நடக்கவில்லை. மெமரியைப் பிடுங்கி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். பொத்தான் பேட்டரியைக் கழற்றி மாட்டினேன். பசையைத் துடைத்துக் கொஞ்சமாகத் தடவினேன், பிறகு இன்னொரு கொஞ்சமாகவும் தடவினேன். "ஒரு தட்டுத் தட்டிப் பாருங்களேன்" என்றாள், உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்த மனைவி. தட்டினேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை, அது இன்னும் கரியாகத்தான் இருக்கிறது.

ஆகவே, உங்கள் யோசனை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மாமனாருக்கும் ஒரு பிரதி அனுப்பவும். இனி நீங்கள் உட்காரும் மேசையில் நான் உட்கார மாட்டேன். என் வீட்டு வாசற்படியை நீங்களும் மிதிக்க வேண்டியதில்லை. குழந்தைகளுக்கு என் ஆசிகள். இருவரும் தாயைக் கொண்டு பிறந்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு நிம்மதி.

இப்படிக்கு,
பெரியவர்

பின்குறிப்பு: பிழை இருக்கிறதா பார் என்று கடிதத்தை மனைவியிடம் கொடுத்தேன். வாய் நிறையச் சாப்பாட்டோடு நீங்கள் ஏதோ சொன்னீர்கள் என்கிற இடத்தில் நிறுத்தினாள். "ஏதோ இல்லீங்க. பழசு உள்ள இருக்கும்போதே பயாஸைப் புதுசாக்கிடணும், இல்லாட்டி போர்டுக்குப் புதுசை அடையாளமே தெரியாது, எதுக்கும் பழசைப் பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்கன்னு சொன்னார். நான் பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றாள். இதை ஏன் இத்தனை நாளாகச் சொல்லவில்லை என்று கேட்டேன். "தங்கச்சி வீட்டுக்காரர் பேச்சை இந்த வீட்ல எடுக்கக் கூடாதுன்னு சொன்னது யாரு?" என்றாள்.

தம்பி, நலமா? மேலே கேட்க விட்டுப்போயிற்று. மற்றதெல்லாம் ஏதோ கோபத்தில் எழுதியது, பொருட்படுத்த வேண்டாம். நாற்காலி விஷயம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அது உண்மை. அந்த டப்பா எங்கே இருக்கிறது பாருங்கள். துளை போட்டுவிடாதீர்கள். போட்டாகிவிட்டது என்றால், உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பதும் அதே வகைதான் என்று உங்கள் வீட்டில் சொன்னார்களாம், அதைக் கழற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வந்துவிடுங்கள். சாப்பாடு இங்கேதான். எங்கள் வீட்டில் மெத்தை வைத்த நாற்காலி ஒன்றே ஒன்றுதான், அதில் நீங்கள் உட்காருங்கள். வாயில் சாப்பாடு இருக்கும்போதே பேசுங்கள். நான் கை கழுவப் போக மாட்டேன்.