பெட்டியில் ஒரே ஒரு தாள்

மூன்றாவது குற்றச்சாட்டை வாசிக்கும்போதுதான் அது தன்னைப் பற்றியது என்று மேலாளருக்குப் புரிந்தது. முதல் இரண்டுக்கும் அவள், யார் பெற்ற பெண்ணோ பாவம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

வாசித்தவர் மனிதவள அதிகாரி. சேர்ந்து ஒன்பதே நாள் ஆனவர். புது வேலையின் வேகம் இன்னும் தணியவில்லை. தண்ணீர் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒரு புகார்ப் பெட்டி தொங்குவதைப் பார்த்துவிட்டு, சாவியைத் தேடி, அது கிடைக்காமல் பூட்டையே உடைத்துத் திறந்திருந்தார். உள்ளே ஒரே ஒரு தாள், பெயர் போடாமல். அப்படியொரு பெட்டி இருப்பதே மேலாளருக்கு மறந்துபோயிருந்தது. அலுவலகத்தில் எல்லோரும் அதன் கொக்கியில் குடை மாட்டுவார்கள், அவ்வளவுதான்.

கையெழுத்தை வைத்து ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று பயந்து, அவரே அதைத் தட்டச்சு செய்து எடுத்துவந்திருந்தார். மூலத்தை உறையில் போட்டுத் தன் அலமாரியில் பூட்டியிருந்தார்.

ஒன்று, நான் பேச ஆரம்பித்தால் என் மேலதிகாரி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். இரண்டு, நான் தயாரித்த அறிக்கையில் என் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். மூன்று, சாப்பிடப் போகும்போது மற்றவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு, என்னை மட்டும் ‘நீ போனைப் பார்த்துக்கோ’ என்று விட்டுப்போவார். நான்கு, குழந்தைக்குக் காய்ச்சல் என்று விடுப்புக் கேட்டபோது, எல்லோர் முன்னாலும் ‘பெத்தது நீ, அனுபவிக்கிறது நானா?’ என்றார்.

மூன்றாவதில் உச்சுக்கொட்டல் நின்றது. அன்று மதியம்தான் ஒருத்தியைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். நான்காவதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அது அவளுடைய சொந்த வசனம். எப்போது வாயில் வந்து ஒட்டிக்கொண்டது என்று நினைவில்லை. ஆனால் விடுப்பு என்று யார் வந்து நின்றாலும் தானாக வந்துவிடும். கச்சிதமாகப் பேசுகிறோம் என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

"ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளையை இப்படிப் பண்ணுவாங்களா மேடம்? நம்பவே முடியல" என்றார் அதிகாரி.

"ஆமாங்க, நம்பவே முடியல" என்றாள் மேலாளர். குரல் அவளுடையதாகவே இல்லை.

கிளையின் மூத்த பெண் ஊழியர்தான் விசாரணைக் குழுவுக்குத் தலைவர் என்பது விதி. அந்த மூத்த பெண் ஊழியர் அவள்தான். எழுதியவளை வெள்ளிக்கிழமைக்குள் கண்டுபிடித்து, மேடம்தான் ஆறுதல் சொல்லவேண்டும் என்றார் அவர். அதே வெள்ளிக்கிழமை அவளுடைய பதவி உயர்வுக் கோப்பும் தலைமை அலுவலகத்துக்குப் போகிறது. அதில் ‘சக ஊழியர்களிடம் நடந்துகொள்ளும் முறை’ என்ற கட்டத்தை நிரப்பப்போகிறவரும் அவர்தான்.

எழுந்திருக்கும் அவசரத்தில் அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

அறைக்குத் திரும்பி நாற்காலியில் விழுந்தாள். அறையும் சுழல்நாற்காலியும் பழைய மேடத்திடமிருந்து வந்தவை. அந்த அம்மாள் ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. வேலை வாங்குவது எப்படி என்று மேலாளர் கற்றுக்கொண்டதும் அந்த அம்மாளிடம்தான். நாற்காலி இன்னும் கிறீச்சிட்டது. எண்ணெய் போட யாருக்கும் தோன்றவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் அவளுடைய பிரிவின் மூன்று பெண்கள் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கண்ணாடிக்காரி, எண்கள் எல்லாம் அவள் பொறுப்பு. அடுத்தவள் இரட்டைப் பிள்ளைக்காரி. மூன்றாமவள் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, ஒரு வயதுக் குழந்தை வைத்திருப்பவள், எல்லோருக்கும் ‘புதுசு’. மூவருக்கும் பிள்ளைகள் உண்டு. மூவரிடமும் அந்த வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். போன் காவல் புதுசு, அறிக்கை தயாரிப்பது கண்ணாடிக்காரி. இதில் எழுதியவள் யார் என்று எங்கே போய்த் தேடுவது?

யாரென்று தெரியாவிட்டால் மூவரிடமும் நல்லவளாகிவிடுவது என்று முடிவு செய்தாள். முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். அதனால் மறுநாள் காலைக் கூட்டத்துக்கே இருபது நிமிடம் தாமதமாக வந்தாள்.

கூட்டத்தில் கண்ணாடிக்காரி பேச எழுந்ததும் மேலாளர் கன்னத்தில் கை வைத்து, அவள் முகத்தையே பார்த்துப் புன்னகைத்தாள். கண்ணாடிக்காரிக்கு நாக்கு குழறியது. மூன்று எண்களைத் தப்பாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டம் முடிந்ததும் மேலாளர் அவளைத் தனியே நிறுத்தினாள்.

"அந்த அறிக்கையில உன் பேரைப் போடாம விட்டது தப்புதாம்மா."

"எந்த அறிக்கை மேடம்?"

"அதான், என் பேர் போட்டு அனுப்பினேனே, அது."

"அதான் மேடம், எதுன்னு கேட்கிறேன். ஆறு இருக்கு."

ஆறு என்று கேட்டதும் மேலாளருக்குக் காது மடல் சுட்டது. அவள் இரண்டு என்றுதான் நினைத்திருந்தாள். கண்ணாடிக்காரி கலவரத்தோடு திரும்பிப்போய், மேடம் தன்னை ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டதாகவும், தன் பேரில் அறிக்கைகளை மாற்றிவிட்டு ஏதோ பெரிய தப்பைத் தன் தலையில் கட்டப் பார்ப்பதாகவும் மற்ற இருவரிடமும் சொன்னாள்.

இது தெரியாத மேலாளர், பதினொரு மணிக்கு இரட்டைப் பிள்ளைக்காரியின் மேசைக்கே நடந்துபோனாள். அந்தப் பக்கம் அவள் போய் வருடக்கணக்காகிறது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாள் வேண்டுமானாலும் வீட்டிலேயே இருக்கலாம், ஆபீசை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தோளைத் தட்டிச் சொன்னாள்.

இரட்டைப் பிள்ளைக்காரியின் முகம் வெளுத்துவிட்டது.

"எத்தனை நாள் வேணும்னாலுமா மேடம்?"

"எத்தனை நாள் வேணும்னாலும்."

"மேடம், நான் இனிமே லீவே கேட்க மாட்டேன். ரெண்டும் நல்லா இருக்குதுங்க மேடம். சத்தியமா நல்லா இருக்குதுங்க."

சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். மேசைமேல் இருந்த பிள்ளைகளின் படத்தை எடுத்து இழுப்பறைக்குள் கவிழ்த்து வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க மேலாளரால் முடியவில்லை. தேநீர்த் தட்டோடு வந்த டீ அக்காவைத் தாண்டிக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள். டீ அக்கா பதினைந்து வருடமாக அந்த மாடியில் தேநீர் கொடுப்பவள், கேட்டால்தான் பேசுவாள். யாரும் கேட்பதில்லை.

மாலைக்குள் பிரிவு முழுக்க ஆள்குறைப்பு என்று செய்தி பரவிவிட்டது. மேடம் சிரிப்பதே அதற்குப் போதுமான அத்தாட்சி.

வீட்டில் சாப்பிடும்போது கணவனிடம் கேட்டாள்.

"ஏங்க, நான் கெட்டவளா?"

பதினான்கு வருட அனுபவத்தில் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கிடையாது என்று தெரிந்த கணவன், தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான். ஒரு செம்புத் தண்ணீரையும் குடித்து முடித்தான். பதில் சொன்னது ஏழாம் வகுப்பு படிக்கும் மகள்தான்.

"வீட்டுல நல்லாத்தான் இருக்கேம்மா. ஆபீஸ் போன் வந்தா மட்டும் நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுக்குவேன்."

"ஏன்?"

"அந்தப் பக்கம் யாரோ திட்டு வாங்குறாங்கல்ல. கேட்கக் கஷ்டமா இருக்கும்."

மேலாளர் மீதிச் சோற்றைத் தட்டிலேயே ஒதுக்கினாள். வெட்கமாக இருந்தது. பதவி உயர்வு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம் இருந்தாலும், அதைவிட இந்த வெட்கம்தான் பெரிதாக இருந்தது. தட்டைக் கழுவும் சாக்கில் எழுந்துபோய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

வியாழக்கிழமை மதியம் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, புதுசிடம் போய், "வாம்மா, சாப்பிடப் போகலாம்" என்றாள்.

புதுசு அனிச்சையாகப் போன் மேல் கையை வைத்தாள்.

"நான் போனைப் பார்த்துக்கிறேன் மேடம்."

"போன் கிடக்கட்டும். நீ எங்கே உட்கார்ந்து சாப்பிடுவே தினமும்?"

"கோப்பு அறையில மேடம். அங்கே இருந்தாலும் மணி அடிச்சா கேட்கும், நான் எடுத்துடுவேன்."

மேலாளர் கோப்பு அறையை எட்டிப்பார்த்தாள். இரண்டு அலமாரிகளுக்கு நடுவே கவிழ்த்துப்போட்ட ஒரு அட்டைப்பெட்டி. அதன்மேல் ஒரு சின்ன டப்பாவும் கரண்டியும். தன் மகளை யாராவது இப்படி உட்கார வைத்தால் அந்த அலுவலகத்தையே ரெண்டாக்கியிருப்பாள். இனி மறைத்துப் பயனில்லை என்று நேராகவே கேட்டுவிட்டாள்.

"புகார்ப் பெட்டியில நீதான் போட்டியா? சொல்லும்மா, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

"எந்தப் பெட்டி மேடம்? அந்தக் குடை மாட்டுற பெட்டியா?"

அவள் விழித்த விழியில் பொய் இல்லை. ஆனால் கோவிச்சுக்க மாட்டேன் என்று மேடம் சொன்னதைக் கேட்டு, டப்பாவைக்கூடத் திறக்காமல் மற்ற இருவரையும் தேடி ஓடினாள். அன்று மாலை மூன்று பெண்களும் கோப்பு அறையில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேடத்தின் மேல் யாரோ புகார் போட்டிருக்கிறார்கள், மேடம் ஆளைத் தேடுகிறார், கிடைத்தால் வேலை போய்விடும். பிழைக்க ஒரே ஒரு வழிதான் அவர்களுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை மனிதவள அதிகாரி முகமெல்லாம் சிரிப்பாக அவளைக் கூப்பிட்டார். கையில் ஒரு கடிதம்.

எங்கள் மேடம் எங்களுக்குத் தாயைப் போன்றவர், என்று தொடங்கியது. சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவர் சாப்பிட்டதில்லை. எங்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக நினைப்பவர். நாங்கள் பேசும்போது இடையூறு ஆகக்கூடாது என்று கடிகாரம்கூடக் கட்டுவதில்லை. இப்படிக்கு, என்று மூன்று கையெழுத்துகள். மூன்றாவது கையெழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"உங்க பிரிவு பத்தின கவலை விட்டது மேடம். புகார் வேற எங்கேயோ இருந்து வந்திருக்கு. கட்டத்துல மிகச் சிறப்புன்னு போட்டுட்டேன். ஒரு தடவை பார்த்துட்டீங்கன்னா அனுப்பிடலாம்."

அவள் செய்யவேண்டியதெல்லாம் தலையை ஆட்டுவது மட்டும்தான். ஆட்டத்தான் நினைத்தாள். அந்தக் கோணல் கையெழுத்து கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் திட்டிய நாள்களில்கூட அந்தப் பெண்கள் அவளை இவ்வளவு அவமானப்படுத்தியதில்லை. இந்தப் பாராட்டில் வாங்கியது செருப்படி.

"அந்தப் புகார் என்னைப் பத்தினது" என்றாள்.

அதிகாரி நெகிழ்ந்துபோனார். கீழே இருப்பவர்களின் தவற்றைத் தன் தவறாக ஏற்பதுதான் உண்மையான தலைமை என்றும், இதையும் கோப்பில் சேர்க்கிறேன் என்றும் சொல்லிப் பேனாவை எடுத்தார். அவள் அந்தப் பேனாவைப் பிடித்து நிறுத்தவேண்டியிருந்தது. கடிகாரம், ஆறு அறிக்கைகள், கோப்பு அறையின் அட்டைப்பெட்டி, இழுப்பறைக்குள் கவிழ்ந்த பிள்ளைகளின் படம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியில் ‘மிகச் சிறப்பு’ மேல் அவரே ஒரு கோடு போட்டார்.

"அப்போ எழுதினது யாரு மேடம்?"

"தெரியல. அந்த மூணு பேரும் இல்ல. மூலத்தைக் காட்டுங்க, கையெழுத்தைப் பார்த்தா எனக்குத் தெரியும். தண்டிக்கறதுக்கு இல்லீங்க. அவ எங்கே இருந்தாலும் நான் நேர்ல போய் மன்னிப்புக் கேட்கணும். இவ்வளவையும் பொறுத்துக்கிட்டு, யாராவது படிப்பாங்கன்னு நம்பி எழுதிப் போட்டிருக்கா பாருங்க. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லப்போறேன்?"

கண் கலங்கிவிட்டது. அதிகாரி அலமாரியைத் திறந்து உறையை எடுத்தார். உள்ளேயிருந்து நான்காக மடித்த தாளை உருவி மேசைமேல் வைத்தார். கட்டம் போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாள். ஒரு ஓரம் கோணலாகக் கிழிந்திருந்தது.

அந்த நேரத்தில் தேநீர் கொண்டுவந்த டீ அக்கா, கோப்பையை வைக்க இடம் பார்த்துக் குனிந்தவள், தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். பிறகு மேலாளரை நிமிர்ந்து பார்த்து, யாரும் கேட்காமலே பேசினாள்.

"பத்து வருஷமாச்சு, இதை இன்னுமா வச்சிருக்காங்க? பாப்பாவுக்குக் காய்ச்சல்னு லீவு கேட்டு, பழைய மேடம்கிட்ட பேச்சு வாங்கிட்டு நீங்க அழுதுக்கிட்டே வந்தப்போ, எழுதிப் போடுங்கன்னு என் பொண்ணோட கணக்கு நோட்டுல இருந்து நான் கிழிச்சுக் குடுத்த தாள்தானே மேடம் இது."