பட்டை கட்டிய கைக்கு வாய் கிடையாது

கவுலாக்,
வியாழன் காலை.

ந்தியாய் வீட்டுப் பரம்பரை அடிமையும், ஓசிச் சோற்றில் கொழுத்தவனுமாகிய திரு. மதார் தியோப் அவர்களுக்கு, உன் எஜமான் அலசான் ந்தியாய் ஆண்டவன் கருணையால் நலமாக இருந்து எழுதுவது. டாக்காரில் நீயும் உனக்குச் சோறு போடும் மகனும் அமைதியோடு இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. இனிமேல் காலையில் எனக்கு போன் செய்யாதே. எனக்கு ரத்த அழுத்தம் கூடிவிட்டதாம். மகன் மாலிக் அதை அளக்க, கையில் பட்டை கட்டிப் பார்க்கும் மெஷின் ஒன்று அனுப்பியிருக்கிறான். இந்த மாதத்துக்குள் நம்பர் இறங்காவிட்டால் என்னையும் டாக்காருக்குக் கொண்டுபோய் ஐந்தாம் மாடி வீடு ஒன்றில் வைத்துவிடுவானாம். டீ குடித்த கையோடு பார்க்கக் கூடாது, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பட்டை நெஞ்சு உயரத்தில் இருக்கும்படி உட்கார வேண்டும் என்றாள் நர்ஸ் பிந்தா. எல்லாம் சரி என்றேன். கடைசியில் ஒன்று சொன்னாள்: "பட்டை இறுகுறப்போ ஒரு வார்த்தை பேசக் கூடாது பெரியப்பா. பேசினா நம்பர் ஏறிடும்."

நம் ஊரில் இது நடக்கிற காரியமா? முதல் நாளே கடலைக்காரி சொக்னா வாசலில் நின்று, "ந்தியாய், அமைதிதானே?" என்றாள். வாயைத் திறக்கவில்லை. "வீட்டுல எல்லாரும் அமைதிதானே?" அதற்கும் இல்லை. சலாமுக்குப் பதில் சொல்லாத ந்தியாயை அவள் கண்டதே கிடையாது. வாய் கோணிப்போச்சு என்று அலறித் தெருவையே கூட்டிவிட்டாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகச் சலாம் சொல்ல, நானும் பதில் சொல்லிச் சொல்லி, மெஷினில் நூற்று எண்பத்திரண்டு. மறுநாள் கதவைச் சாத்தினேன். ஊரோடு எனக்கு மனத்தாங்கல் என்று இமாமே சமாதானம் பேச வந்துவிட்டார். அதற்கு அடுத்த நாள் பின்கட்டு அறையில் ஒளிந்துகொண்டேன், உன் போன் வந்தது. "அரிசித் திருடன் எழுந்தாச்சா?" என்று நீ ஆரம்பித்தால் நான் எப்படிடா சும்மா இருப்பேன்? ந்தியாயும் தியோப்பும் ஒருவரையொருவர் அடிமை, திருடன் என்று கேலி பேசுவது பாட்டன் காலத்து முறையாயிற்றே!

நாம் உப்பளத்தில் வேலை பார்த்தபோது இதையெல்லாம் யார் அளந்தார்கள்? உப்பு மேட்டு நிழலில் ஒரே சட்டியில் மீன் சோறு. உன் பக்கத்து மீனை நான் என் பக்கம் இழுப்பேன். "அடிமைக்கு எதுக்குடா மீனு?" என்பாய். "முள்ளு குத்தி நீ செத்துட்டா நான் யாரைடா திட்டுறது?" என்பேன். மேஸ்திரி விசிலடித்தாலும் சிரிப்பு அடங்காது, கையில் ஒட்டிய உப்பையும் சேர்த்துத்தான் தின்றோம். இப்போது மீன் முழுக்க எனக்கே, பிந்தா உப்பையும் நிறுத்திவிட்டாள், ருசி போனது அதனால் மட்டும் இல்லை. உன் குரல் கேட்டால்தான் எனக்கு விடிகிறது. இருந்தாலும் போன் பண்ணாதே. ஐந்தாம் மாடிக்குப் போய்விட்டால் எனக்கு யாரடா சலாம் சொல்லுவார்கள்?

உன் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். ஆண்டவன் உன் வயிற்றைச் சுருக்கி ஆயுளை நீட்டட்டும்.

இப்படிக்கு,
உன் எஜமான்,
அலசான் ந்தியாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மாலிக் போனில் பேசினான். அவன் எனக்குப் பார்த்து வைத்திருக்கும் அந்த ஐந்தாம் மாடி வீடு உன் மகன் வீட்டுக்கு எதிர்வீடாம். தினமும் காலை எட்டு மணிக்குப் பட்டை கட்டுகிறேன். ஒருநாள் விடாமல் போன் பண்ணு. திட்டுவதில் என் பாட்டனையும் விட்டுவைக்காதே.