பெண்டிங் குறைக்க வந்தவர்

“பெண்டிங் ஜாஸ்தியா இருக்குக்கா.”

காலையில் பல்கூட விளக்காமல் எங்கள் மாடிப்படியில் நின்று வெற்றிசெல்வன் தினமும் சொல்லும் குறை இது. சிலருக்கு வாயு, சிலருக்கு மூட்டுவலி. இவருக்குப் பெண்டிங்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வேலை செய்கிறவரும் இல்லை, வேலையைக் கெடுக்கிறவரும் இல்லை; வேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்று அளக்கிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆபீஸ் ஒன்றில் (பெயர் வேண்டாம், நாளைக்கு நானும் அங்கே போய் நிற்க வேண்டியவள்தான்) வீடு கட்ட அனுமதி கேட்டு வரும் மனுக்களுக்கு முப்பது நாளுக்குள் முடிவு சொல்ல வைப்பதற்காக இவரை அனுப்பியிருக்கிறார்கள். வந்தார், எங்கள் மாடியில் குடியேறினார், லேப்டாப்பைத் திறந்தார், கட்டம் போட்டார், முப்பது நாளைத் தாண்டிய மனுவுக்குச் சிவப்பும் முடிந்த மனுவுக்குப் பச்சையும் அடித்தார், ஆபீஸ்காரர்களை உட்கார வைத்து டீயும் சமோசாவும் கொடுத்துப் பயிற்சியும் நடத்தினார். ஒரே மாதத்தில் சிவப்பெல்லாம் பச்சை. எப்படி?

பெரியநாயகியைக் கேளுங்கள். கச்சிராயபாளையம் ரோட்டில் குடியிருக்கிறாள், கரும்பு வெட்டப் போகிறவள். போன மழையில் மண்சுவர் விழுந்துவிட்டது. மகள் ரம்யா முழுகாமல் இருந்தாள், ஐப்பசியில் பிரசவம். “புள்ள பொறக்கறதுக்குள்ள மேல ஒரு கூரை வேணுங்க” என்று சித்திரையிலேயே மனு போட்டாள்.

இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம் மனு திரும்பி வந்தது. வரைபடத்தில் வடக்கு எது என்று குறிக்கவில்லையாம்.

குறித்துக் கொடுத்தாள். மறுபடி இருபத்தொன்பதாம் நாள். கையெழுத்து நீல மையில் இல்லையாம்.

நான் மாடிக்கே போய்க் கேட்டேன். “ஏம்பா, பெரியநாயகி மனு இன்னா ஆச்சு?”

“முடிஞ்சிடுச்சுக்கா. பச்ச.”

“அனுமதி குடுத்துட்டாங்களா?”

“இல்லக்கா, திருப்பி அனுப்பிட்டோம். அதுவும் ஒரு முடிவுதானே? மறுபடி போட்டா புது மனு, புது முப்பது நாளு.”

“அவ வூடு?”

“வூடு நம்ம கட்டத்துல வராதுக்கா.”

மூன்றாம் தடவை நானும் அவளோடு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் இருசப்பன் மனையின் போட்டோவைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். பின்னால் தூரத்தில் கல்வராயன் மலை தெரிகிறதாம். அதனால் மனை மலைப்பகுதியில் இல்லை என்று சான்று வாங்கி வர வேண்டுமாம்.

“சார், மலை எங்கியோ கெடக்குது. என் மனை ரோட்டோரம் கெடக்குது.”

“போட்டோல தெரியுதேம்மா.”

“நெலா தெரிஞ்சிருந்தா நெலாவுக்கு போயி சான்று வாங்கிக்கினு வரணுமா சார்?”

ஆபீசே சிரித்தது. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தது.

இதற்குள் ஒரு பெண்பிள்ளையின் ஒரே வீடு, மூன்று மனு, மூன்று முடிவு, மூன்று பச்சை. அந்த ஆபீசுக்குச் சிறந்த முன்னேற்றம் என்று கேடயம் வந்தது. வெற்றிசெல்வனுக்குச் சால்வை. பெரியநாயகிக்குத்தான் ஒன்றும் வரவில்லை. பாவம், அத்தனை பச்சைக்கும் உழைத்தவள் அவள்.

ஆவணி முடிந்தது. மகளின் வயிறு சான்று வரும்வரை காத்திருக்குமா? கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை எழுப்பிவிட்டாள். சுவர் வாசல் தலைக்கு மேலே லிண்டல் மட்டத்துக்கு வந்தபோது நோட்டீஸ் வந்தது. அனுமதியில்லாமல் கட்டுகிறாள், வேலையை நிறுத்து.

வெற்றிசெல்வன் மாடியிலிருந்து ஓடி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

“அக்கா, புகார் வந்து மூணே நாள்ல நோட்டீஸ்! இவ்ளோ வேகத்த இந்த ஆபீஸ் பாத்ததே கெடையாது!”

“இன்னைக்கு உனக்கு காபி கெடையாது, போ” என்றேன்.

“ஏங்க்கா?”

ஏனாம். இந்த இனத்துக்கு அதுதான் புரியாது. கெட்டவர் இல்லை, காசு வாங்கமாட்டார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். தன் மேஜையிலிருந்து ஒரு காகிதம் போய்விட்டால் உலகத்தில் ஒரு கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று மனசார நம்புகிறவர்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். நேற்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி உதவி கேட்டு அனுப்பிய செய்திக்கு, “எந்தத் தேதி, எந்த ஆஸ்பத்திரி, விவரமாப் போடும்மா” என்று பதில் தட்டிவிட்டு, அப்பாடா என்று போனைக் கவிழ்த்து வைத்தீர்களே? அதற்கு என்ன நிறம் அடிப்பது?

பரிகாரம் ஒன்று சொல்கிறேன். கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஏறி, வழியில் பெரியநாயகி வீடு என்று யாரையாவது கேளுங்கள். கூரையில்லாத புதுச் சுவருக்குள், நீலத் தார்ப்பாய்க்கு அடியில், ரம்யாவும் பிறந்து பதினோரு நாளான பெண்குழந்தையும் இருக்கிறார்கள். போய்ப் பாருங்கள். அடுத்த மழைக்கு முன்னால் போங்கள். தார்ப்பாய் தொட்டில் பக்கம் ஒழுகுகிறது.