காஷ்பரின் காதுமூடி

சோஃப்காவின் இடதுகால் செருப்பைக் காணவில்லை. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் கம்பளிச் செருப்பு, அடியில் விரல் கனத்துக்கு ரப்பர். வலதுகால் செருப்பு மட்டும் அடுப்புப் பக்கம் கிடந்தது. வீடு முழுக்க நொண்டி நொண்டித் தேடியவள் கடைசியில் விறகுக் கொட்டகைக்குப் போனாள். அங்கே அவள் கணவர் காஷ்பர், செருப்பின் ரப்பரை அறுத்தெடுத்துத் தன் வேட்டைத் துப்பாக்கியின் பின்கட்டையில் பசை போட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன்யா, அது என் செருப்பு."

காஷ்பர் தலையை ஆட்டினார். புத்தி கெட்டுப்போச்சா என்று கேட்டாள். அதற்கும் ஆட்டினார்.

நாற்பது வருடமாகக் காதோரம் துப்பாக்கி வெடிக்கக் கேட்ட மனிதருக்குக் காது எவ்வளவு மிஞ்சும்? கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. "என்ன சொன்னே?" என்று இரண்டாம் தடவை கேட்பது கௌரவக் குறைச்சல் என்பது அவர் கொள்கை. யார் எதைச் சொன்னாலும் ஒரு தலையாட்டலில் கதையை முடித்துவிடுவார். தபால்காரர், பாதிரியார், பல் வைத்தியர் எல்லாருக்கும் அதே தலையாட்டல்தான். அப்படித்தான் ஒருமுறை தேவையில்லாமல் ஒரு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தார்.

செருப்புக்கு ஆபத்து வந்த காரணம் முந்தின நாள் வந்துபோன பொகோமிர். ஊர் வேட்டைச் சங்கத்தின் தலைவர், நாற்பத்தைந்து வயதுக்காரர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்தபடி, அரை மணி நேரம் ஏதேதோ மெல்லிய குரலில் சொன்னார். காஷ்பரும் சளைக்காமல் ஆட்டினார். போகும்போது மட்டும் வாசற்கதவருகே நின்று பொகோமிர் சத்தமாகச் சொன்னார்.

"காஷ்பர் மாமா, போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் நடந்துச்சுன்னா, ஏழாம் கம்பத்தை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன். எனக்கு வேற வழி தெரியல."

இது காதில் விழுந்தது. காதில் விழுந்ததோடு நிற்காமல் நெஞ்சிலும் போய் விழுந்தது.

போன வருடம் நடந்தது என்ன என்று காஷ்பருக்கு நன்றாகத் தெரியும். கிழட்டு ஆண் பன்றி ஒன்று நாற்பது அடி தள்ளி வந்து நின்றது. சுட்டார், தவறியது. அதற்கு முந்தின நான்கு வருடமும் அதே கதைதான். துப்பாக்கியின் உதைக்கு அவருடைய வலது தோள் பயந்துபோயிருந்தது. விரல் விசையைத் தொடுவதற்கு ஒரு நொடி முன்னாலேயே கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டுவிடும். குறி பார்க்கிறவன் கண்ணை மூடினால் பன்றி என்ன செய்யும், பாவம், வீட்டுக்குப் போய்விடும்! போன வருடத்திலிருந்து மதுக்கடையில் சங்கத்தார் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இப்படிச் சுடத் தெரியாதவனோடு என்ன பேச்சு என்று நினைக்கிறார்கள் போலும் என்று அவர் கூனிக்குறுகிப் போனார்.

ஏழாம் கம்பம் என்றால் வெறும் கம்பமா? கொச்செவ்யேக் காட்டின் பீச் மரங்களுக்கு நடுவே, எண் எழுதிய தகடு அடித்த கம்பங்கள் வரிசையாக நிற்கும். ஒரு கம்பத்துக்கு ஒரு ஆள். ஊதுகொம்பு ஒலிக்கிறவரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது, பேசக் கூடாது. ஏழில் காஷ்பர் நின்றார், எட்டில் உர்பான் நின்றான். முப்பத்திரண்டு நவம்பர்கள் அறுபது அடி இடைவெளியில் இருவரும் பேசாமல் பேசிக்கொண்டார்கள். தொப்பியை ஒருமுறை தூக்கினால் குளிருகிறது என்று அர்த்தம், இரண்டுமுறை தூக்கினால் பசிக்கிறது. உர்பான் நாள் பூராவும் ஆப்பிள் கடித்துக் கம்பத்தடியில் நடுத்தண்டை எறிந்துகொண்டிருப்பான். சாயங்காலம் மதுக்கடையில் இருவரும் சட்டையை விலக்கி, தோளில் கன்றிப்போன நீலத்தைக் காட்டுவார்கள். யாருடையது பெரிதோ அவருக்கு ஒரு கோப்பை பிளம் சாராயம் இலவசம். அந்த நாளில் தோளுக்கு மெத்தை, காதுக்குப் பஞ்சு என்று யாராவது பேசினால் பாவாடை வாங்கித் தரட்டுமா என்று கேட்பார்கள்.

"காது இரையலேன்னா அது என்னடா வேட்டை?" என்பான் உர்பான்.

இரைச்சல் இன்னும் காஷ்பரின் காதிலேயே இருக்கிறது. உர்பான்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் போய்விட்டான். எட்டாம் கம்பத்தை அதற்கப்புறம் யாருக்கும் கொடுக்கவில்லை. ஏழும் போய்விட்டால், அவனோடு நிற்பதற்கு இந்த உலகத்தில் காஷ்பருக்கு வேறு இடம் கிடையாது. கல்லறையில் நிற்கலாம்தான். ஆனால் அங்கே நிற்கும்போது அவர்கள் ஒருநாளும் சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆகவே செருப்பு. ரப்பர் உதையை வாங்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் கட்டை நீண்டுபோனதால் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் அது கக்கத்தில் சிக்கிக்கொண்டது. சுட்டுப் பழகும் திடலில் மூன்று முறை கோட்டைக் கிழித்துக்கொண்டார்.

ரப்பரைப் பிய்த்தெறிந்துவிட்டு, கோட்டின் உள்ளே தோள்பக்கம் ஒரு மெத்தைத் துண்டை வைத்துத் தைத்துக்கொண்டார். ஒரு தோள் மலை, ஒரு தோள் மடு. சுட்டபோது கட்டை மெத்தையில் வழுக்கி மேலேறித் தாடையில் ஒன்று வைத்தது. வீங்கிய கன்னத்தோடு வந்தவரைப் பார்த்த பல் வைத்தியர் தெருவிலேயே நிறுத்தி அக்கறையாக என்னவோ கேட்டார். காஷ்பர் முன் அனுபவத்தால் தலையாட்டாமல் ஓடி வந்துவிட்டார்.

பிறகு யாரோ கனமான துப்பாக்கி உதைக்காது என்றார்கள். கட்டையில் துளை போட்டு ஒன்றரைக் கிலோ ஈயக் குண்டுகளைக் கொட்டி அடைத்தார். உதை குறைந்தது. ஆனால் நடந்தால் துப்பாக்கி, தகர டப்பாவில் மக்காச்சோளம் போட்டுக் குலுக்கினதுபோலச் சத்தம் போட்டது. சத்தத்தை அடைக்கக் கம்பளி வேண்டியிருந்தது. மறுநாள் காலையில் சோஃப்காவின் வலதுகால் செருப்பையும் காணவில்லை.

இவ்வளவும் செய்தும் கண் மட்டும் திறக்க மறுத்தது. கடைசியில் நகரத்துத் துப்பாக்கிக் கடைக்காரன் அவரைச் சுடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினான். தோள் பயப்படவில்லை, காதுதான் பயப்படுகிறது, வெடிச் சத்தத்துக்குத்தான் கண் மூடுகிறது என்று. கூடவே ஒரு காதுமூடியையும் நீட்டினான். பச்சை நிறம், உள்ளே பேட்டரி. பெரிய சத்தத்தை அடக்கிவிடும், சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கும்.

வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தார். சுவர்க் கடிகாரம் சுத்தியலால் அடித்தது. ஈ ஒன்று லாரிபோலப் போயிற்று. அடுத்த அறையில் சோஃப்கா தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "இருபது வருஷமா நான் சொன்னதுக்கெல்லாம் தலையாட்டறாரு. பாதியாவது புரிஞ்சுதான் ஆட்டறாருன்னு இத்தனை நாளா நம்பிட்டிருந்தேன்டி."

காஷ்பர் காதுமூடியை மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை. ஏழாம் கம்பத்தடியில் நின்று காதுமூடியை மாட்டியதும் காஷ்பருக்கு மூச்சு நின்றுவிட்டது. இலை விழுவது கேட்டது. ஒன்று, இன்னொன்று, அப்புறம் கணக்கில்லாமல். தூரத்தில் ஓடைத் தண்ணீர் கேட்டது. மரங்கொத்தி ஒன்று வேலையைப் பாதியில் நிறுத்தி யோசித்துவிட்டு மறுபடி தொடங்கியது. இதெல்லாம் இத்தனை வருடமும் இங்கேயேதான் இருந்திருக்கிறது. அவர் வெட்கமில்லாமல் அழுதார். உர்பானுக்கும் ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்திருக்கலாமே என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் அழுதார். எட்டாம் கம்பத்தைப் பார்த்துத் தொப்பியை ஒருமுறை தூக்கினார்.

அப்போதுதான் சருகு நொறுங்கியது. கிழட்டுப் பன்றி நிதானமாக வந்தது, சந்தைக்குப் போகிற பெரியவர்போல. இடது காதின் நுனி கிழிந்திருந்தது. எந்தப் பாவி சுட்டானோ என்று நினைத்துக்கொண்டே காஷ்பர் துப்பாக்கியைத் தூக்கினார். ஈயம் தோளில் அமைதியாக உட்கார்ந்தது. கண் மூடவில்லை! ஐந்து வருடத்தில் முதல் தடவையாக இரண்டு கண்ணும் திறந்திருந்தன. விரல் விசைக்குப் போயிற்று.

பன்றி ஓடவில்லை. நேரே எட்டாம் கம்பத்துக்குப் போய், அதன் அடியில் மூக்கால் சருகைக் கிளறியது. எதையோ தேடியது. கிடைக்காமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி தேடியது. அதன் பின்னங்கால் ஒன்று, சாக்ஸ் போட்டதுபோல, கணுக்கால்வரை வெள்ளையாக இருந்தது.

பிஷ்கோத்.

எட்டு வருடத்துக்கு முன்னால் மர லாரி அடித்துத் தாய்ப்பன்றி செத்துக் கிடந்தது. பக்கத்தில் நின்ற வரிக்குட்டியை உர்பான் தொப்பியில் தூக்கிவந்தான். புட்டியில் பால் கொடுத்தான், ஆப்பிள் கொடுத்தான், பிஷ்கோத் என்று பேர் வைத்தான். உர்பானின் மனைவி நேஜாவின் சமையலறையை ஒரு வருடம் துவம்சம் செய்தபின் அதைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது எப்போதோ செத்திருக்கும் என்று காஷ்பர் நினைத்திருந்தார்.

உர்பானுக்காகக் காத்திருப்பது தான் ஒருவர் மட்டுமில்லை என்று அவருக்கு அப்போது தெரிந்தது. துப்பாக்கியை இறக்கினார். சோஃப்கா கோட்டுப் பையில் வைத்திருந்த ஆப்பிளை எடுத்து வீசினார். கிழவர் கை, பாதி தூரம்தான் போயிற்று. பன்றி வந்து எடுத்துக் கடித்தது. அந்தக் கறுக்முறுக் சத்தம் காதுமூடிக்குள் முழுசாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அப்படியே உர்பான் கடிக்கிற மாதிரி இருந்தது.

கொம்பு ஒலித்தது. ஏழாம் கம்பத்தை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, இனி எனக்கும் உனக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நெருப்பைச் சுற்றி எல்லாரும் கூடியிருந்தார்கள். வேட்டை முடிந்ததும் தலைவர் ஒவ்வொரு கம்பமாகக் கூப்பிட்டு விசாரிப்பது வழக்கம். நேஜா பெரிய அண்டாவில் இறைச்சிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"ஏழாம் கம்பம்?" என்றார் பொகோமிர்.

பன்றிக்கு ஆப்பிள் போட்டேன் என்று வேட்டைக்காரன் வாயால் எப்படிச் சொல்வது? சுடத் தெரியாதவன் என்ற பேராவது பழகின பேர்.

"வந்துச்சு. சுட்டேன். தவறிடுச்சு."

முகங்கள் இருண்டன. பொகோமிர் தொப்பியைக் கழற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். நேஜா கரண்டியை நிறுத்தினாள்.

"ஏழு பக்கத்துலேர்ந்து வெடியே கேக்கலையே. காலையிலேர்ந்து இந்த அடுப்புகிட்டதான் நிக்கிறேன்."

பொகோமிர் கையை நீட்டினார். காஷ்பர் துப்பாக்கியிலும் பையிலும் இருந்த தோட்டாக்களை எடுத்துக் கொடுத்தார். ஐந்து கொண்டுபோனார், ஐந்தும் இருந்தன.

"சுடல," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "அது உர்பானோட பிஷ்கோத். கை வரல. கம்பத்த எடுத்துக்கங்க."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். பொகோமிர் முகத்தைத் திருப்பி மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு கோப்பை பிளம் சாராயத்தைக் கொண்டுவந்து அவர் கையில் திணித்தார். பிறகு காதருகே வந்து உரக்கப் பேசினார்.

"ஏழு உங்களோடதுதான் மாமா. நாலு வருஷமா நீங்க சும்மா வானத்தைப் பாத்துச் சுடறீங்கன்னு நெனச்சோம். போன வருஷம் அது காதைக் கிழிச்சீங்க பாருங்க, அப்பதான் நெசமாவே குறி வைக்கிறீங்கன்னு தெரிஞ்சு பயந்துபோயிட்டோம்."

காஷ்பர் திகைத்து எல்லாரையும் பார்த்தார். "அப்ப வேற யாருமே அத சுடறதில்லையா?"

நேஜா கரண்டியை வைத்துவிட்டு வந்தாள். அவர் கழுத்தில் தொங்கிய காதுமூடியை எடுத்து இரண்டு காதிலும் நன்றாகப் பொருத்தினாள். பிறகு மெல்லிய குரலில், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"உர்பானைப் புதைச்சுட்டு வந்த அன்னிக்கு, பிஷ்கோத்தை யாரும் சுடக் கூடாதுன்னு இதே நெருப்பைச் சுத்தி உக்காந்து முடிவு பண்ணோமே, அப்ப எல்லாருக்கும் முன்னாடி தலையாட்டினதே நீதான், காஷ்பர்."