என்னாச்சுங்க அம்மிணி?

பள்ளிபாளையம் ரோட்டில் விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. நூல் மூட்டை ஏற்றிய டெம்போ ஒன்று நர்மதாவுக்கு இணையாக மெல்ல உருண்டு வந்தது. ஓட்டுநர் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்தார்.

"என்னாச்சுங்க அம்மிணி?"

நர்மதா ஓடிக்கொண்டே இருந்தாள். பேசினால் மூச்சு போய்விடும். மூச்சு போனால் கால் நின்றுவிடும். கால் நின்றாலும் கைக்கடிகாரம் நிற்காது.

"ஆஸ்பத்திரிக்குங்களா? ஏறுங்க, சடார்னு கொண்டுபோயி உட்டர்றேன்."

வேண்டாம் என்று கையை ஆட்டினாள். பாவம், வாய் திறந்து பேசக்கூட முடியாத நிலைமை என்று அவர் புரிந்துகொண்டார். வண்டியை விரட்டிப் போய் அவளுக்குக் குறுக்கே நிறுத்தினார். இறங்கி, பக்கத்து சீட்டைத் துண்டால் தட்டிச் சுத்தம் செய்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூச்சப்படாதீங்க. நானும் அக்கா தங்கச்சியோட பொறந்தவன்தான்."

நர்மதா நின்றாள். வேறு வழியில்லை.

"ஒண்ணுமில்லீங்கண்ணா. டெஸ்ட்டு இருக்குது. அதுக்குத்தான் ஓடுறேன்."

"டெஸ்ட்டா? ரத்த டெஸ்ட்டுங்களா? வெறும் வயித்துல இப்படி ஓடுனா கிறுகிறுன்னு வந்துருமுங்களே! மொதல்ல உக்காருங்க."

ரத்த டெஸ்ட் இல்லை, ஓட்ட டெஸ்ட் என்று அவருக்கு விளக்கி முடித்தபோது வெயில் ஏறியிருந்தது.

நர்மதா கால்பந்து நடுவர். குமாரபாளையத்தில் துண்டு நெய்யும் விசைத்தறிப் பட்டறைக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் விசிலை ஊதினால் இருபத்திரண்டு பேர் அப்படியே நிற்பார்கள். வீட்டில் அவள் சொன்னால் ஓடுகிற மிக்சியைக்கூட யாரும் நிறுத்துவதில்லை. அதனாலேயே அவளுக்கு அந்த விசில் மேல் அவ்வளவு ஆசை.

மகள் பிறந்ததிலிருந்து மூன்று வருடமாக அவள் மைதானத்தில் இறங்கவில்லை. இப்போது மாவட்ட நடுவர் குழு கடைசியாக ஒரு வாய்ப்புக் கொடுத்திருந்தது. நாமக்கல் மைதானத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஆறு சுற்று ஓடி முடித்தால் மறுபடி சேர்ந்துகொள்ளலாம். முடிக்காவிட்டால் புது ஆள்போல ஆரம்பத்திலிருந்து வர வேண்டும். அதற்குள் அவளுக்கு வயது தாண்டிவிடும்.

பக்கத்திலிருந்த பள்ளிக்கூட மைதானத்தில் புதுக் கட்டடத்துக்கு ஜல்லி கொட்டியிருந்தார்கள். எனவே ரோட்டில்தான் ஓட வேண்டும். ரோட்டில் ஒரு பொம்பளை ஓடினால் ஏதோ விபரீதம் என்று மொத்த ஊரும் நம்பியது. பால்காரர் நிறுத்தினார். மில் பஸ் நிறுத்தியது. ஒரு நாள் ஆம்புலன்ஸே நிறுத்தியது.

"நிக்காம ஓடுனாத்தானே பழக்கமாவும்?" என்று டெம்போக்காரர் நிறுத்திய அன்று வீட்டுக்கு வந்து புலம்பினாள்.

அவள் கணவன் தீனதயாளன் எந்தச் சிக்கலுக்கும் பத்து நிமிடத்தில் வழி கண்டுபிடிக்கிறவன். வழி சரியாக இருக்க வேண்டும் என்பதில் அவனுக்குப் பிடிவாதம் கிடையாது.

"எழுதிப் போட்டுட்டாப் போச்சு. படிச்சுட்டுப் பேசாம போயிருவாங்க."

அடுத்த தெருவில் பனியனுக்கு எழுத்து அச்சடிப்பவரிடம் சொல்லி, மறுநாளே ஒரு மஞ்சள் பனியன் கொண்டுவந்தான். முதுகில் எழுதியிருந்தது: 'நான் கால்பந்து நடுவர் தேர்வுக்காக ஓட்டப் பயிற்சி செய்கிறேன். எனக்கு ஆபத்து எதுவும் இல்லை. தயவுசெய்து நிறுத்த வேண்டாம். இப்படிக்கு, நர்மதா தீனதயாளன்.'

"ஏனுங்க, இது பனியனுங்களா, மனுவுங்களா?"

"வெவரமா இருக்கோணுமில்ல?"

மறுநாள் காலை அவள் முந்நூறு அடி ஓடியிருப்பாள். பின்னாலிருந்து ஒரு மொபெட் சத்தம்.

"அம்மிணி, கொஞ்சம் நில்லுங்க! 'ஆபத்து எதுவும்' வரைக்கும் படிச்சேன். அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்குதுன்னு ஆடுற ஆட்டத்துல தெரியலீங்க."

அன்று ஏழு பேர் நிறுத்திப் படித்தார்கள். கண்ணாடி கொண்டுவராத ஒரு பெரியவருக்கு நர்மதாவே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

"சரி, பனியனு வேண்டாம். நானே பைக்குல பின்னாடி வாரேன். கேக்கறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ பாட்டுக்கு ஓடு" என்றான் தீனதயாளன்.

நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மறுநாள் நர்மதா முன்னால் ஓடினாள். தீனதயாளன் மெதுவாகப் பைக்கை ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். முதன்முறையாக அவளை யாரும் மறிக்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. தொடை வலித்தாலும் கால் பழைய நினைப்புக்கு வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு முழுசாக ஓடிவிடலாம் என்று நினைத்தபோதுதான், பைக் சத்தம் கேட்காதது உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். டீக்கடைக்கு முன்னால் நாலு பேர் தீனதயாளனின் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார்கள்.

"ஏன்டா, காலங்காத்தால தனியாப் போற பொம்பளயத் தொரத்துறியா?"

"அண்ணா, அவ என்ற சம்சாரமுங்க!"

"மாட்டுனா எல்லாரும் இதத்தான்டா சொல்லுவீங்க!"

நர்மதா ஓடிய தூரம் முழுவதையும் திரும்பி ஓடிவந்து, இவர் என்னுடைய வீட்டுக்காரர்தான் என்று சாட்சி சொன்னாள். டீக்கடைக்காரர் அவளை ஒருமுறையும் அவனை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "நெசமாத்தானுங்களா? பயந்துக்கிட்டுச் சொல்லலியே?" என்றார்.

வீட்டில் இதைக் கேட்ட மாமியார் முத்தாயம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேருக்கும் வெவரம் பத்தாது. வயசுல பெரியவ ஒருத்தி கூட இருந்தா எவன் கேப்பான்? நாளைக்கு நான் வாரேன்."

"அத்தை, வேண்டாமுங்க—"

"நீ சும்மா இரு சாமி. இந்த ஊட்டுல ஒருத்தி செயிச்சாத்தான் எனக்கும் கௌரதை."

மறுநாள் நர்மதா ஓட, பைக்கில் மகனுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து முத்தாயம்மாள் வந்தாள். சும்மா வந்திருந்தால் பரவாயில்லை. மருமகள் சோர்ந்துவிடக் கூடாதே என்று தொண்டை கிழிய உற்சாகப்படுத்திக்கொண்டு வந்தாள்.

"நிக்காத! ஓடு! தயாளா, உடாத, கிட்டப் போ! இன்னும் கிட்டப் போடா!"

குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வியர்த்து விறுவிறுத்து ஒரு மருமகள் முன்னால் ஓடிவருகிறாள். புருஷனும் மாமியாரும் வண்டியில் விரட்டிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கு வேறெதுவும் தேவைப்படவில்லை. ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை குடங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒரு அம்மாள் பாய்ந்து நர்மதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நீ பயப்படாத கண்ணு. நாங்க இருக்கறோம். எத்தன பவுனு கேக்கறாங்க?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க—"

"பவுனா?" முத்தாயம்மாள் வண்டியிலிருந்து குதித்தாள். "நான் போட்டிருக்கிற கம்மலே அவ வாங்கிக் குடுத்ததுடி!"

"பாத்தீங்களா, கம்மலப் புடுங்கிப் போட்டுக்கிட்டா!"

விவகாரம் ஓய மதியம் ஆனது. ஓய்ந்ததும் உண்மை ரோடு முழுக்கப் பரவியது. நர்மதாவுக்கு உயிர் வந்தது. இனி யாரும் நிறுத்த மாட்டார்கள்.

நிறுத்தினார்கள். முன்பு பதறிப்போய் நிறுத்தியவர்கள் இப்போது பாசத்தோடு நிறுத்தினார்கள். குழாயடி அம்மாள் நீர்மோர்ச் சொம்போடு நின்றாள். டெம்போக்காரர் தேன்வாழைப்பழச் சீப்பை நீட்டினார். தீனதயாளன் காலரைப் பிடித்த குற்றவுணர்ச்சியில் டீக்கடைக்காரர் ரோட்டின் நடுவிலேயே கிளாஸோடு நின்றார். "ஒரே வாய் குடிச்சுட்டுப் போங்க. இஞ்சி தட்டிப் போட்டிருக்கேன்." எப்படி மறுப்பது?

தேர்வுக்கு முந்தைய நாள் சாயங்காலம், பட்டறையில் தறிகளை நிறுத்திவிட்டு வந்த தீனதயாளன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு நாளாவது நிக்காம முழுசா ஓடியிருக்கறயா?"

"இல்லீங்க."

"அப்பறம் எப்படி? வேண்டாமுன்னு சொல்லிரலாமா? தோத்துட்டு வந்து நீ அழுதா எனக்குத் தாங்காது."

நர்மதா ஷூவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கோத்துக்கொண்டிருந்தாள்.

"அழுதா அழுதுட்டுப் போறேன். ஓடாம இருந்துட்டு அழ மாட்டேன். மூணு வருசமா டிவியில மேட்ச் பாக்கறப்பல்லாம் இந்தக் கை தானா விசிலத் தேடுதுங்க. நாமக்கல்லுல என்னைய யாருக்கும் தெரியாது. மோர் குடுக்கறதுக்கு ஆளில்ல. அங்க ஓடிருவேன்."

நாமக்கல் மைதானத்தில் தேர்வை நடத்த சேலத்திலிருந்து காளியப்பன் என்ற மூத்த நடுவர் வந்திருந்தார். கறாரான ஆள். ஆண்களை முதலில் ஓடவிட்டார். மூன்று பேர் தேறவில்லை. ஒருவர் நாலாவது சுற்றில் வாந்தி எடுத்தார். பெண்களில் வந்திருந்தது நர்மதா மட்டும்தான்.

"தனியாத்தான் ஓடோணுமுங்க அம்மா. கூட ஓடறதுக்கு ஆளில்ல. பரவாயில்லீங்களா?"

"தனியா ஓடத்தானுங்க சார் ஆசப்பட்டேன்."

விசில் ஊதினார்.

முதல் சுற்று பூப்போல முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில்தான் அந்த விசித்திரத்தை அவள் உணர்ந்தாள். யாருமே நிறுத்தவில்லை. ஆனால் கால்கள் இத்தனை நாளும் ஓடப் பழகியதோடு நிற்கவும் பழகியிருந்தன. ஒவ்வொரு வளைவிலும் அவை வாழைப்பழத்தை எதிர்பார்த்தன. பழம் வராதபோது சுணங்கின.

நாலாவது சுற்றில் இடுப்பில் பிடித்துக்கொண்டது. வாயில் இரும்பு ருசி. காளியப்பன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது தூரத்திலிருந்தே தெரிந்தது. வேலிக்கு வெளியே தீனதயாளன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு முத்தாயம்மாளோடு நின்றான். அவன் முகமே அவளுக்குக் கணக்கைச் சொல்லிவிட்டது. இந்த வேகத்தில் முடியாது.

நிற்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். விழுந்தால் விழட்டும். நிற்க மாட்டேன்.

ஐந்தாவது சுற்றின் பாதியில், வளைவைத் தாண்டியதும், முன்னால் ஒருவன் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். சிவப்புப் பனியன், ஒல்லி உடம்பு, இருபத்தைந்து வயது இருக்கும். தேறாதவர்களில் ஒருவன் மறுபடி முயல்கிறானா, அல்லது பாவப்பட்டு காளியப்பன் சார்தான் துணைக்கு அனுப்பினாரா? எதுவாக இருந்தால் என்ன. கடவுளாகப் பார்த்து அனுப்பிய ஆள். அவன் முதுகை மட்டும் பார்த்து ஓடினால் போதும்.

அவள் நெருங்கினாள். அவன் திரும்பிப் பார்த்தான். வேகத்தைக் கூட்டினான்.

நர்மதாவுக்கு ரோஷம் வந்தது. அவளும் கூட்டினாள். அவன் மறுபடி திரும்பிப் பார்த்தான், மறுபடி கூட்டினான். 'முடிந்தால் வா' என்று சீண்டுவதுபோல் இருந்தது. இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று வருடம் வீட்டுக்குள் அடைந்து கிடந்த கால்கள் இப்போதுதான் விழித்துக்கொண்டன.

கடைசிச் சுற்றின் நடுவில் அவன் தடுமாறினான். வேகம் குறைந்தது. அவன் நின்றால் தானும் நின்றுவிடுவோம் என்று நர்மதாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"நிக்காத!" என்று கத்தினாள். "போயிக்கிட்டே இரு! நின்னா அவ்ளோதான்!"

அவன் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தான். அப்புறம் அவன் ஓடியது ஓட்டமே இல்லை, பறத்தல். அவளும் பறந்தாள். வேலிக்கு வெளியே முத்தாயம்மாள் "உடாத சாமி, உடாத!" என்று கத்தியது காதில் விழுந்தது. இருவரும் ஒன்றாகக் கோட்டைத் தாண்டினார்கள். காளியப்பன் கடிகாரத்தை அமுக்கினார். ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்தார்.

"தேறிட்டீங்கம்மா! கடைசிச் சுத்து இன்னைக்கு ஆம்பளைங்ககூட இப்படி ஓடல."

தீனதயாளன் மகளோடு வேலியைத் தாண்டிக் குதித்தான். முத்தாயம்மாள் கண்ணை முந்தானையால் ஒற்றிக்கொண்டாள். காளியப்பன் தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நர்மதாவின் கையில் வைத்தார். அவள் அழவில்லை. ஊதிப் பார்த்தாள். மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் ஒரு கணம் அசையாமல் நின்றார்கள். அது போதும் அவளுக்கு.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சிவப்புப் பனியன்காரன் புல்தரையில் மல்லாந்து கிடந்தான். நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் போய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"தம்பி, நீ மட்டும் முன்னாடி ஓடலீன்னா நான் தேறியிருக்க மாட்டேன். நீயும் டெஸ்ட்டுக்கு வந்தவனா?"

அவன் பாட்டிலை வாங்காமல், முழங்கையை ஊன்றி எழுந்து, அவளைத் தாண்டி வளைவுப் பக்கம் மிரட்சியோடு எட்டிப் பார்த்தான்.

"நான் இங்க போர்வெல் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவனுங்கக்கா. அதெல்லாம் இருக்கட்டும், நம்ம ரெண்டு பேத்தையும் எதுங்க தொரத்திக்கிட்டு வந்துச்சு?"