கையொப்பத்துடனான பதில்

நான் எழுதிய ஒரே ரசிகர் கடிதத்துக்கு விசாரணை நடந்தது. கையொப்பம் கேட்டு யாருக்காவது எழுதும் எண்ணம் இருந்தால், முதலில் இதை வாசித்துவிடுங்கள்.

சாய்ந்தமருதில் கடைகளுக்கு அப்பம் சுட்டுக் கொடுப்பவள் நான். சுபஹுத் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டினால் பக்கத்தில் வானொலி. காலை நிகழ்ச்சி செய்யும் அறிவிப்பாளரின் குரல்தான் எனக்கு மணிக்கூடும் துணையும். அவருடைய கையொப்பம் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. (வட்ஸ்அப்பில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். போனில் வரும் கையொப்பத்தை எந்த அலுமாரியில் வைப்பது?)

கொப்பித் தாளில் எழுதினேன். எட்டாம் ஆண்டோடு பள்ளியை விட்டவளின் எழுத்து, வரிகள் ஆளுக்கொரு பக்கம் போயின. மனதில் உள்ளதை எழுதினேன். ஒருநாள் நீங்கள் பிந்தி வந்ததால் என் அப்பமெல்லாம் கருகிவிட்டது, அவ்வளவுக்கு உங்கள் குரலை நம்பியிருக்கிறேன். தடிமன் பிடித்து உங்கள் குரல் அடைத்த அன்று சுகமாக வேண்டித் துஆக் கேட்டேன். செய்தி நடுவே சிரித்துவிட்டீர்களே, அன்று முழுக்க எனக்கும் சிரிப்பு.

மதினியிடம் காட்டினேன். அங்கேதான் பிடித்தது சனியன்.

"இதக் கையால எழுதியா அனுப்பப் போறாய்? கலியாணம் முடிச்ச பொம்புளகா நீ! ஆரும் உடைச்சுப் பாத்தா என்ன நினைப்பான்?"

"அப்ப என்ன செய்ற மதினி?"

"டைப் அடி. டைப் அடிச்ச கடிதத்தில ஆரும் காதல் எழுதுறல்ல."

எனக்கு அது போதும். தபால்காரர், அறிவிப்பாளரின் மனைவி, மறுமை நாள் என்று வரிசையாகப் பயந்தேன். அடுத்த நாளே கல்முனைக்கு பஸ் ஏறினேன். அரச கந்தோர்களுக்குப் பக்கத்தில் ஒரு டைப் அடிக்கும் கடை. அங்கிருந்தவர் காலை முதல் மாலை வரை பெட்டிசமும் முறைப்பாட்டு மனுவுமாக அடிப்பவர்.

"என்ன தங்கச்சி, வீட்டுத் திட்டமா, காணிப் பிரச்சினையா?"

"இல்ல காக்கா, றேடியோவில கதைக்கிறவருக்கு. கையொப்பம் ஒண்டு வேணும்."

"ஓம் ஓம். எழுதினதத் தாங்க, ஒழுங்காப் போட்டுத் தாறன். றேடியோப் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி போடுவம்."

"அது என்னத்துக்கு?"

"பிரதி போகாட்டிக் கடிதம் குப்பைக்குத்தான்."

குப்பைக்குப் போய்விடுமோ என்றுதான் நானும் பயந்துகொண்டிருந்தேன். தலையாட்டினேன். அச்சாகி வந்தது இப்படி:

'1. ஒலிபரப்பைத் தாமதமாக ஆரம்பித்தமையும், அதனால் எனது தொழிலுக்குச் சேதம் ஏற்பட்டமையும். 2. குரல் தெளிவின்மை. 3. செய்தி வாசிக்கையில் சிரித்தமை. மேற்படி விடயங்கள் தொடர்பில் தங்களது கையொப்பத்துடனான பதிலைத் தாழ்மையுடன் எதிர்பார்க்கின்றேன்.'

"துஆக் கேட்டதக் காணல்லியே காக்கா?"

"அது தேவல்ல தங்கச்சி. விசயத்துக்கு வருவம்."

என் மனதில் கிடந்ததை இத்தனை மரியாதையாகச் சொல்ல முடியுமா என்று நான் வியந்து நின்றேன். (இவ்வளவுதான் என் புத்தி.) தொலைந்துவிடக் கூடாதென்று கடிதம், பிரதி இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

சில கிழமைகளில் நீளக் காகித உறை ஒன்று வந்தது. என் வீட்டுக்காரர் பிரித்து வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"புள்ள, இந்த மனிசனுக்கு நீ என்ன செஞ்சாய்?"

பணிப்பாளர் கேட்டதற்கு அறிவிப்பாளர் கொடுத்த விளக்கம் அது. முறைப்பாட்டாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு பிரதி. பிந்திய நாளன்று மனைவியை ஆசுபத்திரியில் சேர்த்துவிட்டு வந்தாராம். தடிமனுக்கு மன்னிப்பு. சிரித்தது பிழை, இனிமேல் சிரிக்க மாட்டாராம். கீழே கையொப்பம். நீல மையில், அசல்.

நான்கு பக்கம் கையால் எழுதி மன்னிப்புக் கேட்டேன். இந்த முறை எவர் என்ன நினைப்பார் என்று பயப்படவில்லை. பதில் இல்லை. அதற்குப் பிரதி போகவில்லை அல்லவா.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. அன்றிலிருந்து அந்தக் குரலில் சிரிப்பே இல்லை.

போன மாதம் எங்கள் மூத்த மகளைப் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளையை, காலைச் சாப்பாட்டு நேரத்தில், "நல்ல புள்ள" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"நீ ஆரையும் புகழாத புள்ள," என்றார் வீட்டுக்காரர். "பாவம், அவனுக்கும் உத்தியோகம் இரிக்கி."

மதினி உட்பட வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுப்படி வானொலியில் அறிவிப்பாளர் நேரம் தவறாமல், தெளிவான குரலில், செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்.